பதினான்காம் நாள் மண்

கோர்ட்டுக்கு முன்னால் இருக்கும் புல்தரைக்குத் தண்ணீர் அதிகமாக விடுகிறார்கள், ஐயா. காலையில் வராந்தாவில் உட்கார வைத்திருந்தபோது கவனித்தேன். அருகம்புல்லை நடுநடுவே காயவிட வேண்டும். காய்ந்தால்தான் வேர் கீழே தேடிக்கொண்டு போகும். தோட்டக்காரரிடம் சொல்லலாம் என்று எழுந்தேன், கான்ஸ்டபிள் விடவில்லை.

நான் எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் அது எனக்கு எதிராகவே திரும்பும் என்றும் நீங்கள் எச்சரித்தது எனக்குப் புரிந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை, ஆசை வார்த்தையும் சொல்லவில்லை. பாகலூர் ரோட்டிலிருந்து நானாக நடந்து வந்தேன். நான் செய்ததற்கு எங்கள் மேனேஜர் கோவிந்தப்பன் பதினெட்டு நாளாக சப் ஜெயிலில் இருக்கிறார். அது சரியில்லை என்று எனக்குப் பட்டது.

என் பெயர் திம்மராயன். வயது முப்பத்தொன்று. சொந்த ஊர் காவேரிப்பட்டினம். இண்டர்மீடியட் வரை படித்திருக்கிறேன். ஓசூருக்கும் மைசூர் எல்லைக்கும் நடுவில் இருக்கும் புல் பண்ணையில் ஏழு வருடமாக லேபரட்டரி அசிஸ்டெண்ட். புல்லுக்கு ஒரு பண்ணையா என்று பலர் சிரிப்பார்கள். பெங்களூரில் இருக்கும் கிளப்புகளுக்கும் விளையாட்டு மைதானங்களுக்கும் பங்களாக்களுக்கும் புல்தரையை மண்ணோடு பாய் மாதிரி வெட்டிச் சுருட்டி லாரியில் அனுப்புவோம். ஆரம்பித்தவர் ஒரு வெள்ளைக்காரர். சீமைக்குத் திரும்பும்போது ஒரு மைக்ராஸ்கோப்பையும், தடியான ஒரு புத்தகத்தையும், ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸையும் விட்டுப் போனார். லேபரட்டரி என்று சொன்னேனே, அது விதை மூட்டை போடும் அறையில் ஜன்னலோரம் ஒரு மேஜை. அவ்வளவுதான்.

ஐம்பத்தைந்தாம் வருடம் மேற்குப் பாத்திகளில் புல் மஞ்சளாக ஆரம்பித்தது. முதலில் தட்டு அளவு, பிறகு கட்டில் அளவு. இழுத்தால் கையோடு வந்தது, வேரே இல்லை. புத்தகத்தைப் பார்த்து நானே ஒரு கருவி செய்தேன். கண்ணாடிப் புனலின் கீழே ரப்பர் குழாய் மாட்டி, அதை ஒரு கிளிப்பால் அடைக்க வேண்டும். புனல் நிறையத் தண்ணீர் ஊற்றி, மெல்லிய துணியில் மண்ணை வைத்து அதில் நனையும்படி விட்டால், மண்ணில் உயிரோடு இருக்கும் நூற்புழுக்கள் துணி வழியாகக் கீழே இறங்கிக் குழாயில் சேரும். மறுநாள் கிளிப்பைத் திறந்து நாலு சொட்டு எடுத்துப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாது, ஐயா. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கண்ணாடி நூல் நெளிகிற மாதிரி இருக்கும். அவை வேருக்குள் புகுந்து சாற்றைக் குடிக்கும். ஓர் ஆழாக்கு மண்ணில் நானூற்றுப் பன்னிரண்டு எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன்.

அன்றே ரிப்போர்ட் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். அதை மடித்து ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்.

"தண்ணி பத்தல திம்மராயா. தண்ணி வுடச் சொல்லு" என்றார்.

தண்ணீர் விட்டார்கள். மஞ்சள் பரவியது. நான் மறுபடி எழுதினேன். இப்படி ஏழு ரிப்போர்ட். ஒரு நாள் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்து மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"என் இமை மயிருதான்யா தெரியுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பெங்களூருக்குப் போன புல் மஞ்சளாகித் திரும்பி வந்தபோது லாரி டிரைவர் வெயிலில் நிறுத்திவிட்டதாகச் சொல்லி அவனை நீக்கினார். அந்த டிரைவர்மேல் ஒரு தப்பும் இல்லை. உண்மை ஜன்னலோரம் ஒரு சொட்டுத் தண்ணீரில் நெளிந்துகொண்டிருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை. இதை நீங்கள் அனுபவித்திருக்க மாட்டீர்கள். நீங்கள் சொன்னால் எழுதிக்கொள்ள எதிரில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

மேனேஜரைக் குறை சொல்லியும் பயன் இல்லை என்று பிறகு யோசித்தேன். சாட்சி கண்ணுக்குத் தெரிகிற சாட்சியாக இருக்க வேண்டும். புழுதான் காரணம் என்று நிரூபிக்க இரண்டு காரியம் செய்ய வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. புழு இல்லாத இடத்தில் அதைக் கொண்டுபோய் விட்டால் நோய் வர வேண்டும். பிறகு புழுவை அழித்தால் நோய் போக வேண்டும். புல்லின் வேரில் முடிச்சு விழுந்தாலும் கடுகளவுதான் இருக்கும். தக்காளியில் அதே புழு ஏறினால் வேர் முழுக்கக் கொண்டைக்கடலை கட்டின மாதிரி முடிச்சு வரும். அதைக் குருடன்கூடத் தடவிப் பார்க்கலாம்.

பண்ணையில் புழு இல்லாத இடமே கிடையாது. ஆகவே சுற்றிலும் இருந்த குடியானவர்களின் நிலங்களில் மண் எடுத்துப் பார்த்தேன். ஒன்பது நிலம் பார்த்ததில் ஒன்றில் மட்டும் அந்தச் சாதிப் புழு ஒன்றுகூட இல்லை. அது சென்னப்பனின் ஒன்றரை ஏக்கர். எங்கள் வேலிக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. செம்மண், கிணறு உண்டு. அவனும் அவன் பெண்சாதி கெம்பம்மாவும்தான் பாடுபடுவார்கள். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ்.

நான் சோதித்த விவரத்தைச் சொன்னபோது கெம்பம்மாவுக்கு அத்தனை சந்தோஷம்.

"நம்ம மண்ணுல ஒண்ணுமே இல்லீங்களா சார்?" என்று இரண்டு தடவை கேட்டாள். மோர் கொடுத்தாள். "எங்க மாமனாரு எருவத் தவிர எதையும் போட வுடமாட்டாரு. அதான்."

ஐம்பத்தாறு ஆனியில் அவர்கள் தக்காளி நாற்று விட்டிருந்தார்கள். நடவுக்கு முன்னால் எங்கள் மேற்குப் பாத்தியில் மிகவும் மஞ்சளான இடத்து மண்ணை எட்டுக் கூடை எடுத்துக்கொண்டு போனேன். பண்ணையில் மக்கின எரு, மிஞ்சிவிட்டது என்று சொன்னேன். சென்னப்பன் என்னைக் கூடை தூக்க விடவில்லை, அவனே வாங்கி அவனே தூவினான். கிழக்கே பன்னிரண்டு வரிசைக்கு மட்டும் போடச் சொன்னேன். மேற்கே பன்னிரண்டு வரிசைக்கு வேண்டாம், எரு உள்ளதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் பார்க்கலாம் என்றேன். நடுவில் ஒரு கயிறு கட்டினேன்.

வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. அறுபதாம் நாள் கிழக்குச் செடிகள் உச்சி வெயிலில் துவண்டு விழுந்தன, மேற்கில் இருந்தவை நிமிர்ந்து நின்றன. ஒரு செடியைப் பிடுங்கினேன். புத்தகத்தில் இருந்த படத்தைவிட வேர் தெளிவாக இருந்தது. பத்துச் செடிகளைக் கழுவி, ஈரச் சாக்கில் சுற்றி மேனேஜர் மேஜைமேல் வைத்தேன். அன்று நான் மதியம் சாப்பிடவில்லை. பசி தெரியவில்லை.

அவர் ஒரு வேரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"யார் ஊட்டுத் தக்காளி இது?"

"சென்னப்பன் நிலத்தோடதுங்க."

"அவன் தக்காளி எப்பிடிப் போனா நமக்கு இன்னாய்யா? நாம விக்கிறது புல்லு."

வேர்களைக் குப்பைக்கூடையில் போட்டார். மேஜை ஈரமாகிவிட்டதே என்று பையனைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னார்.

ஐப்பசி மழையில் கிழக்கு வரிசைத் தண்ணீர் மேற்கு வரிசைக்குப் பாய்ந்தது. மழை என் கயிற்றை மதிக்கவில்லை. அடுத்த நடவில் இருபத்து நாலு வரிசையும் போயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வரிசைகூட மிஞ்சவில்லை என்பதில் எனக்கு ஏற்பட்ட வருத்தத்தைச் சொல்லி முடியாது. சென்னப்பனும் வருத்தப்பட்டான். கல் உடைக்கும் வேலைக்குப் போக ஆரம்பித்தான். கெம்பம்மா எங்கள் பண்ணைக்குக் களை எடுக்க வந்தாள். பார்க்கும்போதெல்லாம், "மண்ணுக்கு ஏதாச்சும் மருந்து இருந்தா சொல்லுங்க சார், நீங்க படிச்சவரு" என்பாள். மூன்று வருடத்தில் என் படிப்பை மதித்துக் கேள்வி கேட்டவள் அவள் ஒருத்திதான்.

மருந்து இருந்தது. ஐம்பத்தேழு ஆடியில் பெங்களூரிலிருந்து ஒரு மருந்துக் கம்பெனி ஏஜெண்டு வந்து ஒரு டின் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மண்ணில் துளை போட்டு ஊற்றினால் உள்ளேயே ஆவியாகிப் புழுவைக் கொல்லும். வாங்கினதற்கு மேனேஜர்தான் கையெழுத்துப் போட்டார். போலீசார் கைப்பற்றின ரசீது அதுதான். ஆனால் அவர் அந்த டின்னைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"நம்ம புல்லு மேல ஊத்திக் கீத்தித் தொலைக்காத. வேற எங்கியாச்சும் ஊத்திப் பாரு" என்றார். அவர் செய்த குற்றம் இந்த ஒரு வாக்கியம்தான்.

டின்னோடு ஒரு தாள் இருந்தது. இங்கிலீஷில் இருந்தது. ரப்பர் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது. துணியில் பட்டால் அந்த நிமிடமே துணியைக் களைந்து உடம்பைக் கழுவ வேண்டும். இந்த வரியின் கீழே கோடு போட்டிருந்தார்கள். பின்பக்கத்தில், மேலே பட்டவருக்கு டாக்டர் என்ன செய்ய வேண்டும் என்று சின்ன எழுத்தில் இருந்தது. நான் முழுவதும் படித்தேன். எதையும் முழுவதும் படிக்காமல் செய்கிறவன் நான் இல்லை.

ஆவணி பத்தாம் தேதி காலையில் சென்னப்பன் நிலத்தில் ஆரம்பித்தோம். இரண்டு நாள் முன்னால் பெய்திருந்த தூறலில் மண் பதமாக இருந்தது. மருந்து ஊற்றுவதற்கு முன் எடுத்த மண்ணில் ஆழாக்குக்கு முந்நூற்று எண்பத்தாறு. வெள்ளைக்காரர் விட்டுப்போன பூட்ஸை நான் போட்டுக்கொண்டேன். ஒரு ஜோடிதானே இருந்தது. மண் மாதிரி எடுக்கிறவன் கைகால் சுத்தமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பாத்திப் புழு இன்னொன்றில் கலந்துவிடும். சென்னப்பன் கடப்பாரையால் துளை போட்டுத் தகரக் குவளையால் ஊற்றிக்கொண்டே போனான். கெம்பம்மா பின்னால் வந்து குதிகாலால் துளையை மூடினாள். இருவருக்கும் வெறுங்கால்.

"பழம் அழுவின மாதிரி வாசனை வருது சார். கண்ணு எரியுது" என்றாள் அவள்.

"புழுவுக்கும் அப்படித்தான் எரியும்" என்றேன். அவள் சிரித்தாள்.

பதினெட்டாம் வரிசையில் டின் வரப்பில் சாய்ந்து சென்னப்பன் வேட்டியில் கொட்டியது. இடுப்புக்குக் கீழே முழுவதும் நனைந்துவிட்டது. அவன் என்னைப் பார்த்தான்.

"வேட்டி நனைஞ்சிபோச்சுங்க சார். கெணத்தாண்ட போய் அலசிக்கினு வந்துரட்டுங்களா?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேல்மண் காய்ந்துவிட்டால் ஆவி வெளியே போய்விடும். காலையில் ஊற்றின வரிசையையும் மதியம் ஊற்றின வரிசையையும் ஒன்றாகக் கணக்கில் எடுக்க முடியாது. இரண்டு வருடம் காத்திருந்து வந்த நாள் அது.

"இன்னும் ஆறு வரிசைதான் சென்னப்பா. முடிச்சிட்டுப் போ" என்றேன்.

கெம்பம்மா, "பேடா, பேடா" என்று அவனிடம் வேண்டாம் என்றாள் கன்னடத்தில். வேலையை நிறுத்திவிட்டுப் போகச் சொன்னாள். சென்னப்பன் அவளை அடக்கினான்.

"சார் நமக்காவத்தான இம்மாந்தூரம் பாடுபடறாரு. சும்மா இரு" என்றான்.

ஆறு வரிசைக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. என் நோட்டில் நேரம் போட்டிருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் அவனுக்கு வாந்தி கண்டது. தொடையெல்லாம் கொப்புளம். மறுநாள் கட்டை வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். போனேன் என்பதை என் பக்கத்தில் ஒரு நல்ல அம்சமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு இளவயது டாக்டர் இருந்தார். நல்ல மனிதர். என்னத்தைத் தொட்டான், என்ன மருந்து என்று கெம்பம்மாவைக் கேட்டார். அவள் குதிகாலெல்லாம் வெந்துபோய் ஒரு காலை ஊன்ற முடியாமல் நின்றிருந்தாள். "மண்ணு மருந்துங்க, சாருக்குத் தெரியும்" என்று என்னைக் காட்டினாள். டாக்டர் என்னிடம் திரும்பினார். தாள் என் சட்டைப் பையில் நாலாக மடித்து இருந்தது.

"உரம்தான் டாக்டர். அமோனியம் சல்பேட்" என்றேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. மருந்தின் பேரைச் சொல்லியிருந்தால் விசாரணைக்கு ஆள் வந்திருப்பார்கள். நிலத்தைத் தோண்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் கயிறு கட்டி உள்ளே விடாமல் செய்திருப்பார்கள். மண் பதினான்கு நாள் தொந்தரவில்லாமல் கிடக்க வேண்டும் என்று தாளில் தெளிவாக இருக்கிறது. அதில் இரண்டாம் நாள்தான் ஆகியிருந்தது.

சென்னப்பன் நான்காம் நாள் காலையில் இறந்தான். அந்தத் தாளைக் காட்டியிருந்தால் பிழைத்திருப்பானா என்று சப் இன்ஸ்பெக்டர் கேட்டார். அதை யாராலும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமானால் அதே அளவு மருந்து பட்ட இன்னொருவனுக்குத் தாளைக் காட்டி வைத்தியம் செய்து, இரண்டு பேரையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். இருந்தது ஒரு சென்னப்பன்தான்.

பதினான்காம் நாளும் அவனுடைய பதினோராம் நாள் காரியமும் ஒன்றாக வந்தன. உறவுக்காரர்கள் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் என் இரும்புக் குழாயோடு நிலத்தில் இறங்கி இருபத்து நாலு வரிசையிலும் மண் எடுத்தேன். யாரும் தடுக்கவில்லை. சென்னப்பனின் தங்கை ஒருத்தி வந்து, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். மறுக்கக் கூடாது என்று உட்கார்ந்தேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன்.

மறுநாள் எண்ணிப் பார்த்தேன். ஆழாக்குக்கு ஒன்பது. முந்நூற்று எண்பத்தாறிலிருந்து ஒன்பது. நோயை வரவழைத்தும் காட்டிவிட்டேன், போகவைத்தும் காட்டிவிட்டேன். இந்தப் பக்கத்தில் எங்கேயும் இப்படி ஒருவர் முழுதாகச் செய்து முடித்ததாக நான் கேள்விப்படவில்லை. சுத்தமான பிரதி எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். அது எட்டாவது ரிப்போர்ட். இந்தத் தடவை அவர் அதை மேஜைக் காலுக்குக் கொடுக்கவில்லை. நின்றபடியே படித்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

இந்தத் தை மாதம் சென்னையிலிருந்து வரும் ஒரு விவசாய மாத இதழில் அது அச்சாகி வந்தது. என் வாக்கியங்கள், என் எண்கள், நான் போட்ட வேரின் படம். மேலே, 'கோவிந்தப்பன், பண்ணை நிர்வாகி' என்று பெயர். நடுவில் அவராக ஒரே ஒரு வரி சேர்த்திருந்தார். 'என் நேரடி மேற்பார்வையில் பக்கத்து நிலத்தில் மருந்து ஊற்றப்பட்டது' என்று. நான் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். பிறகுதான் அச்சடித்த தாள் என்று உறைத்தது.

அந்த வரிதான் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி டாக்டர் அந்த இதழைப் படித்திருக்கிறார். எந்த ஊர், எந்தத் தேதி என்று பார்த்துப் போலீசுக்கு எழுதிவிட்டார். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தது என்று கேஸ் போட்டு மேனேஜரைக் கொண்டுபோனார்கள். தனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் லேபரட்டரி ஆள் செய்தது என்று அவர் அழுததாகக் கேள்விப்பட்டேன். யாரும் நம்பவில்லையாம். அச்சில் அவர் பெயர் இருக்கிறதே.

கெம்பம்மா போன வாரம் என்னிடம் வந்தாள். அவள் இன்னும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறாள். "அந்த மேனேஜரு என்னான்னு சொல்லாமலே மருந்தக் குடுத்தனுப்பிட்டானே சார். நீங்க கூட இருந்தும் உங்களுக்கே தெரியாம போச்சே" என்று சொல்லி எனக்காக வருத்தப்பட்டாள். அதைக் கேட்டபோதுதான் இனிமேல் சும்மா இருக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். பதினெட்டு நாளாக எல்லோரும் அவர் செய்தார், அவர் செய்தார் என்கிறார்கள். சந்தைக்குப் போனாலும் அதுதான் பேச்சு. ஒரு கட்டத்தில் மனிதனால் தாங்க முடிவதில்லை.

ஆகவே திட்டமாகச் சொல்கிறேன். எட்டுக் கூடை மண்ணைக் கொண்டுபோனவன் நான். தாளைப் படித்தவன் நான். வேட்டியை அலசப் போனவனை நிறுத்தியவன் நான். டாக்டரிடம் பொய் சொன்னவன் நான். மேனேஜர் கோவிந்தப்பனுக்கு இதில் எந்தக் கட்டத்திலும் எந்தப் பங்கும் கிடையாது. ஒன்றரை வருடத்து நோட்டையும் கொண்டுவந்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து இருக்கிறது. அதை இந்த வாக்குமூலத்தோடு சேர்த்துக் கட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த இதழுக்கும் கோர்ட்டிலிருந்து ஒரு கடிதம் போனால் நல்லது. நான் எழுதினால் போட மாட்டார்கள்.

எழுத்தர் படித்துக் காட்டியதைக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடிதான் இருக்கிறது. தேதிகளும் எண்களும் சரி. ஓர் இடத்தில் மட்டும் 'விஷம்' என்று எழுதிவிட்டார், ஐயா. நான் சொன்னது மருந்து. அதைத் திருத்திக் கொடுத்தால் கையெழுத்துப் போடுகிறேன்.